நாலரைத் தாலுகாவும் நம் வார்டும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

சாலைக் கடைத்தெருவில் தாத்தா காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர்கள், கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் அக்கிரகாரத்து வீடுகளில் இருப்பவர்கள், பாலராமபுரத்தில் தறி நெய்கிறவர்கள், விழிஞ்ஞத்துக்குக் கடல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்தவர்கள், கழக்கூட்டத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டு நான்கு பேராக வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். உங்களை ஒரே கூட்டமாக எண்ணி எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. சாலைக் கடைக்காரர் பேசும் தமிழில் பாதி மலையாளம். கழக்கூட்டத்துப் பிள்ளை பேசும் தமிழில் பாதி ஆங்கிலம். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தவிர நாம் ஒரே இடத்தில் கூடுவதும் குறைவு. ஆனாலும் ஒரு விஷயத்தில் நாம் எல்லோரும் ஒன்றுபோலவே இருக்கிறோம்.

நவம்பர் 1 வந்தால் ஊரே கசவு உடுத்திக் கேரளப் பிறவி கொண்டாடும். அன்றைக்கு நம்மில் சிலர் ஏதாவது ஒரு மண்டபத்தில் கூடி, மொழிவாரியாக மாநிலம் பிரிந்த 1956-ஐப் பேசுவோம். மேடையில் இருப்பவர், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டது ஒன்பது தாலுகா, கிடைத்தது நாலரை என்று தொடங்குவார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி என்று வந்ததைச் சொல்லி, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று வராததையும் சொல்லி முடிப்பார். கீழே இருப்பவர்களும் வரிசை தப்பாமல் கூடவே முணுமுணுப்பார்கள். அதே கூட்டத்தில் எழுந்து நின்று, “உங்கள் வீடு எந்த வில்லேஜில் இருக்கிறது? எந்த வார்டு? கவுன்சிலர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். காபி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுபது ஆண்டுக்கு முன் போட்ட கோடு நமக்கு மனப்பாடம். வாசலில் ஓடும் கோடு தெரியாது. என் குறை இதுதான். இதை ஏன் பெரிதுபடுத்துகிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழங்கதையும் கொஞ்சம் நடப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமானபோது அதற்கு நான்கே மாவட்டங்கள்: திருவனந்தபுரம், கொல்லம், கோட்டயம், திருச்சூர். அன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு எட்டுத் தாலுகாக்கள். தெற்கிலிருந்து வந்தால் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், நெடுமங்காடு, சிறையின்கீழ். கன்னியாகுமரியில் சங்கு விற்றவருக்கும் வர்க்கலையில் தேங்காய் வெட்டியவருக்கும் ஒரே கலெக்டர்.

இந்த ஏற்பாடும் ஆதியிலிருந்து வந்ததல்ல. ராஜா காலத்தில் தெற்குத் தாலுகாக்களைப் பத்மநாபபுரம் டிவிஷன் என்று தனியாக வைத்து, திவான் பேஷ்கார் என்ற அதிகாரி பார்த்துக்கொண்டார். அதற்கும் முன்பு தாலுகா என்ற பெயரே இங்கே கிடையாது. மண்டபத்தும்வாதுக்கல் என்பார்கள், அதற்குத் தலைவர் காரியக்காரர். 1811 முதல் 1814 வரை பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் ஒருசேர இருந்த கர்னல் மன்றோ காலத்து மாற்றங்களில்தான் காரியக்காரர் தாசில்தார் ஆனார். வில்லேஜுக்குப் பகுதி என்று பெயர், அலுவலகம் பகுதிக் கச்சேரி. குமரி மாவட்டத்துக் கிழவர்களிடம் பழைய ஆதாரம் ஏதாவது இருந்தால் வாங்கிப் பாருங்கள். தாலுகா, பகுதி, தேசம் என்று மூன்றும் வரிசையாக இருக்கும். ஆக, இந்தக் கோடுகள் எல்லாமே ஆட்சிக்கு வந்தவர் தம் வசதிக்குத் தகுந்தபடி அழித்து அழித்து வரைந்தவை. 1956 அவற்றில் ஒன்று. நமக்கு வலித்தது என்பதால் அது மட்டும் நினைவில் நிற்கிறது.

வலித்தது உண்மைதான். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு இணையக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர். அவர் கட்சித் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார். மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் நடத்திய போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல நான் ஆளில்லை. மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் 1955 செப்டம்பர் 30-இல் கொடுத்த அறிக்கையில் தெற்கு நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொன்னது. தேவிகுளம், பீர்மேட்டுக்குக் கையை விரித்தது. மாவட்டத்தை உடைக்காமல் ஒரே அலகாக வைத்துக்கொள்வதே பொதுவாக நல்லது என்று நினைத்த ஆணையம், இங்கே வந்ததும் தாலுகா தாலுகாவாக எண்ணித்தான் முடிவு சொல்ல முடிந்தது. நெய்யாற்றின்கரையின் தென்கோடியில் தமிழ் பேசினார்கள், தாலுகா முழுவதையும் எண்ணினால் மலையாளம். அலகு எது என்பதே முடிவு எது என்பதைத் தீர்மானித்துவிட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வார்டு பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

1956 நவம்பர் 1-இல் எட்டுத் தாலுகா மாவட்டம் சரிபாதியாகப் பிளந்தது. தெற்கு நான்கும் கன்னியாகுமரி மாவட்டம், வடக்கு நான்கும் திருவனந்தபுரம் மாவட்டம். பிறகு அங்கே கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து ஆறானது. இங்கே வர்க்கலையும் காட்டாக்கடையும் சேர்ந்து ஆறானது. பிரிந்த பங்காளிகள் இருவரும் ஆளுக்கு இரண்டு அறை கூட்டிக் கட்டிக்கொண்ட கணக்கு.

கோடு போட்டாயிற்றே தவிர, எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1979 அக்டோபர் 2-இல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கிய திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் நாகர்கோவிலையும் கன்னியாகுமரியையும் இன்றைக்கும் தன்னிடமே வைத்திருக்கிறது. குமரிக்காரர்கள் எங்களை மதுரையோடு சேருங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கத்து வயலுக்கும் சேர்த்துத் திட்டமிட்ட நெய்யாறு அணையின் இடது கரைக் கால்வாய் எல்லையைத் தாண்டி விளவங்கோட்டுக்குள் போகிறது. 2004-இலிருந்து அதில் தண்ணீர் வருவதில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. ரயிலுக்கு இல்லாத எல்லை தண்ணீருக்கு இருக்கிறது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன்.

சில மாதத்துக்கு முன், அரசு விண்ணப்பங்களைக் கணினியில் பதிவு செய்யும் ஒரு அக்ஷயா மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. குமரிக் கடற்கரையிலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வருமானச் சான்று கேட்டு வந்திருந்தாள். கணினியில் இருந்த பெண் மாவட்டம் திருவனந்தபுரம் என்று போட்டுவிட்டு, “சேச்சி, தாலுக்கு?” என்றாள். இவள் “திருவனந்தபுரம்தான் மக்கா” என்றாள். அதைத் தட்டியதும் வில்லேஜ் பட்டியல் கீழே விரிந்தது. கவடியார், பட்டம், பேட்டை, மணக்காடு, முட்டத்தறை, வஞ்சியூர் என்று ஓடுகிறது, விழிஞ்ஞத்தைக் காணோம். மேலே போகிறாள், கீழே வருகிறாள், இல்லை. “வீட்டு ரசீதுல கார்ப்பரேசன்னுதான போட்டிருக்கு, பெறவு எப்பிடி இல்லாமப் போவும்?” என்று இவளுக்குக் கோபம். பின்னால் நின்ற ஒரு மலையாளி அம்மாவன்தான் சொன்னார்: “நெய்யாற்றின்கர அமர்த்து மோளே.” அமர்த்தினாள். விழிஞ்ஞம் வந்தது.

அந்தப் பெண்ணின் தவறு எதுவுமில்லை. விழிஞ்ஞம் தனிப் பஞ்சாயத்தாக இருந்து 2010-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. கூடவே கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு பஞ்சாயத்துகளும் சேர்ந்தன. வரி வாங்கும் இடமும் குப்பை எடுப்பவரும் மாறினார்கள், தாலுகா மாறவில்லை. அதனால் விழிஞ்ஞத்துக்காரர் தெருவிளக்குக்குத் திருவனந்தபுரம் மாநகராட்சியைப் பார்க்க வேண்டும், நிலத்துக்கு நெய்யாற்றின்கரைத் தாலுகா ஆபீசைப் பார்க்க வேண்டும், எம்.எல்.ஏ.வுக்குக் கோவளத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவே வேடிக்கை பார்க்கும் துறைமுகம் 2025 மே 2-இல் திறந்தபோது வந்த பெரியவர்கள் யாருக்கும் இந்தக் கவலை இருந்திருக்காது. அங்கே குடியிருக்கும் நமக்கு இருக்கிறது.

இந்த ஊரில் அரசாங்கத்துக்கு இரண்டு ஏணி. ஒன்று வருவாய்த் துறையுடையது. குடப்பனக்குன்னு சிவில் ஸ்டேஷனில் கலெக்டர், அவருக்குக் கீழே திருவனந்தபுரம், நெடுமங்காடு என்று இரண்டு ரெவின்யூ டிவிஷன், அதன் கீழே ஆறு தாலுகா, அதன் கீழே 124 வில்லேஜ். வருமானம், சாதி, பிறப்பிடம், கைவசம் என்று எந்தச் சான்று வேண்டுமானாலும் இந்த ஏணியின் கடைசிப் படியான வில்லேஜ் ஆபீசில் தொடங்கும். தமிழ்நாட்டில் பட்டா எண் என்று கேட்பதை இங்கே தண்டப்பேர் எண் என்று கேட்பார்கள், பட்டா மாற்றத்தைப் போக்குவரவு என்பார்கள், நிலவரி கட்டிய ரசீதைக் கரம் தீர்த்த ரசீது என்பார்கள். சிறையின்கீழ் தாலுகாக்காரர் சிறையின்கீழுக்குப் போய்த் தேட வேண்டாம், ஆபீஸ் ஆற்றிங்கலில் இருக்கிறது.

இன்னொரு ஏணி உள்ளாட்சியுடையது. மாவட்டத்தில் 73 கிராமப் பஞ்சாயத்து, 11 பிளாக் பஞ்சாயத்து, ஒரு மாவட்டப் பஞ்சாயத்து; நகரப் பக்கம் நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, ஆற்றிங்கல், வர்க்கலை என்று நான்கு நகராட்சி, ஒரு மாநகராட்சி. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, கட்டட அனுமதி, கடை லைசென்ஸ், முதியோர் பென்ஷன் எல்லாம் இந்தப் பக்கம். ரேஷன் கார்டு இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கும்: தாலுகாவில் சப்ளை ஆபீஸ், மாநகரத்துக்குள் வடக்கு தெற்கு என்று இரண்டு சிட்டி ரேஷனிங் ஆபீஸ். இதற்கு மேல் 14 சட்டமன்றத் தொகுதி, இரண்டு மக்களவைத் தொகுதி. இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொருந்த வேண்டும் என்று நினைத்து யாரும் வரையவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே குழப்பமே அளவில்தான் வரும். அங்கே 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். தலைவரை ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், தலைவர் வீடு எது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். இங்கே மாநிலம் முழுவதுக்கும் 941 கிராமப் பஞ்சாயத்துதான். ஒரு பஞ்சாயத்தில் சராசரியாக 25,000 பேருக்கு மேல் இருப்பார்கள். அங்கே பார்த்தால் அது ஒரு பேரூராட்சி. பேரூராட்சி என்ற இனமே இங்கே கிடையாது. தலைவரை வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள், நமக்கு வாக்கு வார்டு உறுப்பினரோடு முடிந்தது. அதனால் இங்கே எல்லாம் வார்டுதான். இந்த இடத்தைத் தமிழர்கள் புரிந்துகொள்வதே இல்லை.

கிராம சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஊராட்சிக்கு ஒன்று, குடியரசு தினம், சுதந்திர தினம் என்று நாள் பார்த்துக் கூடும். கேரளத்தில் 1994 பஞ்சாயத்துராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூட்ட வேண்டியவர் அந்த வார்டு உறுப்பினர். அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டாமல் விட்டால் அவருடைய பதவியே போகும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு யாருக்கு, கோழிக்குஞ்சு யாருக்கு, கழிப்பறை மானியம் யாருக்கு, எந்த நடைபாதைக்கு முதலில் சிமென்ட் என்ற முன்னுரிமைப் பட்டியல் அங்கேதான் உருவாகிறது. 1996 ஆகஸ்ட் 17-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவெடுத்தார்கள். கிருஷி பவன் என்னும் வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் பஞ்சாயத்தின் பார்வைக்கு வந்தன. கையில் பணமும் ஆளும் இருக்கும் பஞ்சாயத்து இது. நகரத்திலும் வார்டு அளவில் கூட்டம் உண்டு.

பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் ஒரு பெரியவரிடம் கிராம சபைக்குப் போவீர்களா என்று கேட்டேன். பாலராமவர்மா மகாராஜா குடியேற்றிய தெரு இது, நாங்கள் அரண்மனைக்கு நெய்தவர்கள் என்று பெருமையாகச் சொன்னார். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். “அது அவங்க கூட்டம்லா?” என்றார். அவர் வாக்குரிமையுள்ள குடிமகன், பிறந்ததே அந்தத் தெருவில். யார் அந்த “அவங்க”? தறிக்கு நூல் மானியம் எப்படி வரவில்லை என்று அதற்கு முன் அரை மணி நேரம் என்னிடம் சொன்னதை அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கும்.

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படி வாசல் வரைக்கும் சபை வருவதில்லை. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் என்று ஒரு நாடு. பரப்பு 21,041 சதுர கிலோமீட்டர், கேரளத்தில் பாதிக்குச் சற்றே மேல். நம் 14 மாவட்டம் போல அங்கேயும் 14 பிரிவு. அதன் கீழே 262 நகராட்சிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் மேயர், மன்றம். 2023-இல் ஒரு சட்டம் போட்டு, 2024 மே 1 முதல் 262-ஐ 44 ஆக்கிவிட்டார்கள். பழைய நகராட்சிகள் பெயரளவில் உள்பிரிவுகளாக மிஞ்சின. அவற்றுக்கென்று தேர்ந்தெடுத்த மேயர்கள் போய்விட்டார்கள். செலவு மிச்சம் என்றார் அதிபர் புகேலே. ஆளுங்கட்சிக்கு வசதி என்றார்கள் எதிர்த்தவர்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். மலைக்கிராமத்துக்காரர் ஒருவர் மேயரைப் பார்க்க முன்பு நடந்து போனார், இனி பஸ் ஏற வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். நம்மிடம் மாவட்டம் 1984-இல் காசர்கோடு வந்த பிறகு கூடவில்லை. தமிழ்நாடு 38 மாவட்டம் ஆக்கிவிட்டது, நீங்கள் இன்னும் பதினான்கா என்று தென்காசி உறவினர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்யட்டும். மாவட்டத்தைப் பெருக்காமல் கீழ்ப்படிக்குப் பணத்தைக் கொடுத்தது இந்த மாநிலம் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். மாவட்டம் கேட்டு உண்ணாவிரதம் இருப்பவர்கள் இங்கும் உண்டு, அவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

இப்போது வார்டுக்கு வருகிறேன். நகராட்சியாக இருந்த திருவனந்தபுரம் 1940-இல் மாநகராட்சியானது. பழைய வீடுகளின் நிலைப்படியில் ஆணியடித்த சின்னத் தகடு பார்த்திருப்பீர்கள்: டி.சி. என்று இரண்டு எழுத்து, ஒரு எண், ஒரு சாய்கோடு, மறுபடி ஒரு எண். முதல் எண் அந்தத் தகடு அடித்த காலத்து வார்டு, இரண்டாவது வீடு. வார்டு மாறிக்கொண்டே இருக்கிறது, தகடு மாறாது. அதனால்தான் விலாசம் எழுதும்போது பழைய டி.சி., புதிய டி.சி. என்று இரண்டு எழுதுகிறோம். அண்மையில் நடந்த மறுவரையறையில் நூறு வார்டு 101 ஆனது. 2024 நவம்பரில் வரைவு எல்லையை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று மறுவரையறை ஆணையம் கேட்டது. எந்தச் சந்து எந்தப் பக்கம், எந்த ஓடை எல்லை என்று அதில் இருந்தது. கட்சிக்காரர்கள் எழுதினார்கள், குடியிருப்போர் சங்கங்கள் எழுதின, பள்ளிவாசல் கமிட்டிகளும் சபைகளும் எழுதின. நம் தெருக்களில் விசாரித்தேன். எழுதியவர் ஒருவரையும் பார்க்க முடியவில்லை.

நெய்யாற்றின்கரையைப் பற்றி மேலே சொன்னேனே, இதே கதைதான். ஒரு அக்கிரகாரமோ ஒரு சாலியர் தெருவோ ஒரே வார்டுக்குள் இருந்தால், கவுன்சிலர் தேர்தலுக்கு முன் அங்கே இரண்டு முறை வருவார். நடுவில் கோடு ஓடி ஆளுக்குப் பாதியாகிவிட்டால் இரண்டு பேருக்கும் நாம் வேண்டாதவர்கள். பெரும்பாலும் இதில் சதி எதுவும் இருக்காது. வரைகிறவர் வரைபடத்தில் சாலையைப் பார்ப்பார், ஓடையைப் பார்ப்பார், மக்கள்தொகையைக் கூட்டிக் கழிப்பார். அந்த வீடுகளுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? பசல் அலி ஆணையத்துக்கு மனு எழுதிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். அரைப் பக்கம் ஆட்சேபம் எழுதச் சோம்பல்.

மொழிதான் தடை என்பீர்கள். கொஞ்சம் உண்மை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ஆம் ஆண்டுடையது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடு தங்கள் மொழியில் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம், பதிலும் அந்த மொழியில் வரவேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. உள்ளூர் ஆபீஸ்களில் இந்தச் சலுகை சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களுக்குத்தான். இங்கும் பாருங்கள், உரிமை கோட்டுக்குள் கட்டுப்பட்டது. நிகரகுவா தன் கரீபியக் கரைக்கு 1987-இல் தன்னாட்சிச் சட்டம் கொடுத்து, மிஸ்கிட்டோ போன்ற மொழிகள் பேசுகிறவர்கள் வாழும் நிலத்தையே தன்னாட்சிப் பிராந்தியங்களாக்கியது. நாம் அப்படி ஒரே இடத்தில் வாழவில்லை. சாலையில் கொஞ்சம், கரமனையில் கொஞ்சம், விழிஞ்ஞத்தில் கொஞ்சம். நமக்கு எந்தக் கோடு போட்டாலும் பாதிப்பேர் வெளியேதான் நிற்போம். செயலகத்துக்குத் தமிழில் எழுதுங்கள், உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் துருப்பிடிக்கும். வார்டு கூட்டத்தில் மலையாளத்தில் பேசுங்கள். கேட்கிறவர் கவுன்சிலர், அவருக்குப் புரிந்தால்தான் காரியம் நடக்கும். சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டே தமிழில் எழுதி சாகித்ய அகாதெமி விருது வரைக்கும் போன ஆ. மாதவன், பாத்திரம் வாங்க வந்தவரிடம் மலையாளத்தில்தான் விலை சொல்லியிருப்பார். அதனால் அவர் தமிழ் கெட்டுப்போகவில்லை.

கழக்கூட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். இரண்டு வருஷத்தில் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவோம், எங்களுக்கெதற்கு வார்டு என்று நீங்கள் கேட்பது நியாயமாகத் தெரியும். நீங்கள் வேலை பார்க்கும் டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியபோது கழக்கூட்டம் பஞ்சாயத்து. பக்கத்து ஆற்றிப்ரா, கழக்கூட்டம் 2010-இல் சேர்வதற்கு முன்பே நகரத்தோடு சேர்ந்துவிட்டது. நீங்கள் குடியிருக்கும் கட்டடங்கள் எழுந்தபோது அந்தந்த உள்ளாட்சிகள் எத்தனை அடி வழி விட வேண்டும், கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்று அனுமதித்தனவோ அதில்தான் இன்றைக்கு நீங்கள் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறீர்கள். அலுவலகக் குழுவில் புலம்பினால் வடியாது.

நவம்பர் 1 கூட்டத்தை நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பேச்சாளர்களில் ஒருவரைக் குறைத்துவிட்டு, மண்டபத்து வாசலில் ஒரு மேசை போடுங்கள். 101 வார்டின் எல்லை விவரமும் பக்கத்துப் பஞ்சாயத்துகளின் வார்டு விவரமும் அச்செடுத்து வையுங்கள். வருகிறவர்களிடம் கட்டட வரி ரசீதோ வாடகை ஒப்பந்தமோ கொண்டுவரச் சொல்லுங்கள். தாலுகா, வில்லேஜ், உள்ளாட்சி, வார்டு, கவுன்சிலர் அல்லது உறுப்பினர், அடுத்த வார்டு கூட்டம் எப்போது என்று ஆறு வரி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அந்த மேசையில் உட்கார நான் வருகிறேன். கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். நாலரைத் தாலுகா பேச்சு உள்ளே நடந்துகொண்டிருக்கட்டும், இரண்டுக்கும் பகை கிடையாது.

உங்களில் ஒருவன்,
கரமனை.

பி.கு.: உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் வேறு, சட்டமன்றப் பட்டியல் வேறு. முதலாவதை மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிக்கிறது. சட்டமன்றத்துக்கு வாக்களித்திருக்கிறேனே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வார்டுப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வார்டு கூட்டத்தில் நீங்கள் உறுப்பினர். வாடகை வீட்டில் இருப்பவர்களும் சேரலாம், வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் அங்கே நீக்கிவிட்டு இங்கே சேருங்கள்.